ஓட்டுப்பெட்டி வருவதற்கு முன்பே முடிந்து விடும் தேர்தல்! நகர் நலச் சங்கத்தில் உங்கள் பெயர் இருக்கா?

ஆவடி:

ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணி. நகரின் பிள்ளையார் கோவில் முன்பு சாமியானா பந்தல். 50 பிளாஸ்டிக் நாற்காலி. டீயும் பிஸ்கட்டும் வந்தாச்சு. ஒருவர் மைக்கைப் பிடித்து, "பழைய நிர்வாகிகளே தொடரலாம்னு நினைக்கிறோம். சம்மதம்னா கை தட்டுங்க" என்கிறார். முன் வரிசையில் கைதட்டல். அவ்வளவுதான், சங்கத் தேர்தல் முடிந்தது.

பின் வரிசையில் இருக்கும் ஒருத்தர் மட்டும் மெதுவாக எழுந்து, "நானும் நிக்கலாம்னு வந்தேனே?" என்று கேட்கிறார். "உங்க பேரு லிஸ்ட்லயே இல்லையே சார்" என்று பதில் வருகிறது. அவர் அந்த நகருக்கு வீடு கட்டி வந்து 6 வருஷம் ஆகியிருக்கும்.

ஆவடியை அடுத்த வெள்ளானூர் போன்ற புறநகர்ப் பகுதிகளில் வாழ்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிது அல்ல. வயலாக இருந்த இடமெல்லாம் மனைப்பிரிவாகி, ஒவ்வொரு மனைப்பிரிவுக்கும் ஒரு 'நகர்' என்று பெயர் வந்து, ஒவ்வொரு நகருக்கும் ஒரு நலச் சங்கம் வந்து விட்டது. ரோடு, தெருவிளக்கு, மழைநீர் கால்வாய், குடிநீர், பூங்கா என்று எதற்கு மனு கொடுத்தாலும் சங்கத்தின் லெட்டர் பேடில்தான் போகிறது.

அந்த லெட்டர் பேடில் கையெழுத்துப் போடும் தலைவரையும் செயலாளரையும் யார் தேர்ந்தெடுத்தது என்று கேட்டால்தான் பல இடங்களில் கப்சிப்.

ஊராட்சியில் தலைவர் இல்லை

வெள்ளானூர் ஊராட்சி, திருவள்ளூர் மாவட்டம் வில்லிவாக்கம் ஒன்றியத்தைச் சேர்ந்தது. ஒன்றியத்தின் பெயரில்தான் வில்லிவாக்கம் இருக்கிறது. ஊர் இருப்பதோ ஆவடிக்குப் பக்கத்தில்.

தமிழ்நாட்டில் திருவள்ளூர் உள்பட 27 மாவட்டங்களில் 2019-ம் ஆண்டு டிசம்பர் 27 மற்றும் 30-ந்தேதிகளில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. வெற்றி பெற்றவர்களின் 5 ஆண்டு பதவிக்காலம் 2025-ம் ஆண்டு ஜனவரி 5-ந்தேதியுடன் முடிந்தது. அதோடு அடுத்த தேர்தல் நடக்கவில்லை. ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்பில் விடப்பட்டன.

ஊராட்சித் தலைவரும் வார்டு உறுப்பினரும் இருக்கும்போது, தெருவில் தண்ணீர் தேங்கினால் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டலாம். "ஓட்டு கேட்டு வந்தீங்களே" என்று சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்கலாம். தனி அலுவலர் என்பவர் அரசு அதிகாரி. அவர் யாரிடமும் ஓட்டுக் கேட்டு வந்தவர் அல்ல. அவருக்கு ஒரு ஊராட்சி மட்டும் வேலையும் அல்ல.

இப்படிப்பட்ட நேரத்தில் மக்கள் சார்பில் பேச மிச்சம் இருப்பது நகர் நலச் சங்கம்தான். அந்தச் சங்கமும் ஒழுங்காகத் தேர்ந்தெடுக்கப்படவில்லை என்றால், தெருவுக்குப் பேச ஆளே இல்லை என்று அர்த்தம்.

பூங்கா இடம் யாருக்கு?

'வெறும் சங்கம்தானே, யார் இருந்தா என்ன?' என்று நினைப்பவர்கள் பூங்கா இடத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

10 ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல் உள்ள மனைப்பிரிவுக்கு அனுமதி வாங்கும்போது, சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைப் பொது உபயோகத்துக்கு ஒதுக்கி, தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அந்த இடத்தில் புதர் மண்டிக் கிடந்தால், கொஞ்ச நாளில் ஒரு வேலி வரும். அப்புறம் ஒரு கொட்டகை வரும். அப்புறம் 'இது என் இடம்' என்று ஒருத்தர் வருவார்.

அப்போது கோர்ட்டுக்குப் போக வேண்டியது சங்கம். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வி பூங்காவைப் பற்றி இருக்காது. "நீங்க யாரு? உங்களை யாரு செயலாளரா தேர்ந்தெடுத்தா? எந்தத் தேதியில கூட்டம் நடந்துச்சு? மினிட் நோட்டைக் காட்டுங்க" என்றுதான் இருக்கும். பிள்ளையார் கோவில் கைதட்டல் அங்கே செல்லுபடி ஆகாது.

பேங்கிலும் இதே கதைதான். செக்கில் கையெழுத்துப் போடுபவரை மாற்ற வேண்டும் என்றால் தீர்மான நகல் கேட்பார்கள். 2 கோஷ்டி போய் 'நாங்கதான் நிர்வாகி' என்று நின்றால், 'முதல்ல நீங்க முடிவு பண்ணிட்டு வாங்க' என்று கணக்கை நிறுத்தி வைத்து விடுவார்கள். வாட்ச்மேன் சம்பளமும் போர்வெல் மோட்டார் ரிப்பேரும் அந்தரத்தில் தொங்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் இந்த மாதிரி சங்கங்கள் பெரும்பாலும் 1975-ம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்தான் பதிவு செய்யப்படுகின்றன. நகர் நலச் சங்கம், விளையாட்டுச் சங்கம், நடிகர் சங்கம் எல்லாவற்றுக்கும் சட்டம் ஒன்றுதான். பதிவு செய்பவர் மாவட்டப் பதிவாளர்.

அதில் சாதாரண ஜனங்கள் தெரிந்து கொள்ள வேண்டிய முக்கிய விஷயங்கள் இவை:

* சங்கம் தொடங்க குறைந்தது 7 பேர் வேண்டும்.

* நிர்வாகக் குழுவில் குறைந்தது 3 பேர் இருக்க வேண்டும்.

* நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. ஊராட்சித் தலைவருக்கு 5 வருஷம், சங்கத் தலைவருக்கு 3 வருஷம்தான்.

* குழுவைத் தேர்வு செய்வது உறுப்பினர் கூட்டம். வந்திருக்கும் ஓட்டுரிமை உள்ள உறுப்பினர்களில் பெரும்பான்மை வேண்டும்.

* ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்ட வேண்டும். கணக்கை வைக்க வேண்டும்.

* நிர்வாகிகள் மாறினால் 'படிவம் 7' என்ற படிவத்தில் 3 மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும்.

* வருஷக்கணக்கில் எதுவுமே தாக்கல் செய்யாமல் தூங்கினால், 'செயல்படாத சங்கம்' என்று பெயரை நீக்கும் அதிகாரம் பதிவாளருக்கு உண்டு.

அடுக்குமாடி குடியிருப்பு என்றால் சட்டம் வேறு. அதற்கு 1994-ம் ஆண்டு சட்டம் இருந்தது. அதற்குப் பதிலாக 2022-ம் ஆண்டு கொண்டு வரப்பட்ட புதிய அடுக்குமாடி வீட்டு உரிமைச் சட்டம் 2024-ம் ஆண்டு மார்ச் மாதம் அமலுக்கு வந்தது. தனித்தனி மனையும் தனி வீடும் உள்ள நகர்களுக்கு 1975-ம் ஆண்டு சட்டம்தான்.

சட்டம் சொல்லாத விஷயங்களை 'பைலா' சொல்லும். அதாவது சங்கத்தின் துணை விதிகள். பதிவு செய்த அன்றே இது பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் ஆகியிருக்கும். செயலாளர் காட்ட மறுத்தாலும், பதிவாளர் அலுவலகத்தில் கட்டணம் கட்டி நகல் வாங்கலாம். பலர் இதைச் செய்வதே இல்லை.

பதிவேடுதான் தேர்தல்

விஷயத்தின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது. எம்.எல்.ஏ. தேர்தலில் வாக்காளர் பட்டியலைத் தயார் செய்வது தேர்தல் கமிஷன். வேட்பாளர் கையில் அது இல்லை. சங்கத் தேர்தலில் அப்படி அல்ல. உறுப்பினர் பதிவேட்டை வைத்திருப்பவர் செயலாளர். அவரே மறுபடியும் போட்டியிடுவார். தேர்வு எழுதுபவரே கேள்வித்தாளையும் கையில் வைத்திருக்கிற மாதிரி.

ஆகவே ஓட்டுப்பெட்டியில் கள்ள ஓட்டுப் போட வேண்டிய அவசியமே இல்லை. பதிவேட்டில் 20 பேரைச் சேர்த்து, 20 பேரை விட்டு விட்டால் போதும். ஓட்டுப்பெட்டி வருவதற்கு முன்பே தேர்தல் முடிந்து விடும்.

யார் பெயர் விட்டுப் போகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் இவர்கள்தான்:

முதலாவது, புதிதாக வீடு வாங்கியவர். பத்திரம் பதிவாகி விட்டது, பட்டா மாறி விட்டது, கரண்டு பில் பெயரும் மாறி விட்டது. ஆனால் சங்கப் பதிவேட்டில் பழைய ஓனர் பெயரே இருக்கும். சங்க உறுப்பினர் பதவி பத்திரத்தோடு தானாக வராது. மனு கொடுத்து, நுழைவுக் கட்டணம் கட்டி, ரசீது வாங்க வேண்டும்.

இரண்டாவது, கணவரை இழந்த பெண்கள். வீடு வீட்டுக்காரர் பெயரில் இருந்திருக்கும். அவர் போன பிறகும் மாதா மாதம் சந்தா கட்டுவது அந்த அம்மாதான். ரசீதில் மட்டும் இறந்தவர் பெயர். தேர்தல் அன்றைக்கு, "அவர் இல்லையேம்மா, ஓட்டு எப்படிப் போடுறது?" என்பார்கள். வாரிசுச் சான்றிதழ் நகல் வைத்து முன்கூட்டியே பெயர் மாற்றம் கேட்டிருந்தால் இந்த வார்த்தையைக் கேட்க வேண்டியது இல்லை.

மூன்றாவது, காலி மனைக்காரர்கள். மனையை வாங்கிப் போட்டு விட்டு வேறு ஊரிலோ, வளைகுடா நாட்டிலோ வேலை பார்ப்பவர்கள். இவர்களுக்கு நோட்டீசே போகாது. சில இடங்களில் இதற்கு நேர்மாறு. குடியிருக்கிறவர்களை விட காலி மனைக்காரர்களின் ஓட்டு அதிகமாகி, அவர்களிடம் மொத்தமாகக் கையெழுத்து வாங்கி வருபவர் ஜெயித்து விடுவார். ஒருவருக்காக இன்னொருவர் ஓட்டுப் போட பைலாவில் இடம் இருந்தால் மட்டுமே அது செல்லும்.

நான்காவது, சந்தா பாக்கி வைத்தவர்கள். 3 மாதம் பாக்கி இருந்தால் ஓட்டு இல்லை என்று பைலாவில் எழுதியிருந்தால், அது எல்லோருக்கும் பொருந்த வேண்டும். தனக்கு வேண்டியவர் பாக்கியைக் கண்டுகொள்ளாமல், வேண்டாதவர் பாக்கியை மட்டும் தேர்தலுக்கு முந்தைய நாள் தோண்டி எடுப்பது பழைய தந்திரம்.

ஒரு மனையில் கணவன், மனைவி இருவர் பெயரும் இருந்தால் ஓட்டு ஒன்றா, இரண்டா? 3 மனை வைத்திருப்பவருக்கு 3 ஓட்டா, ஒரே ஓட்டா? இதற்கும் பதில் பைலாவில்தான். அதில் எழுதவில்லை என்றால் தேர்தலுக்கு முன்பே திருத்திக் கொள்வது நல்லது. பைலாவைத் திருத்த சிறப்புத் தீர்மானம் வேண்டும். கூட்டத்துக்கு வந்து ஓட்டுப் போடுபவர்களில் 4-ல் 3 பங்கு ஆதரவு இருந்தால்தான் அது நிறைவேறும்.

நடிகர் சங்கத்தில் நடந்தது

பட்டியல் தகராறு எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்கு தமிழ்நாடே பார்த்த உதாரணம் நடிகர் சங்கத் தேர்தல். தென்னிந்திய நடிகர் சங்கமும் இதே 1975-ம் ஆண்டு சட்டத்தில் வரும் சங்கம்தான்.

2015-ம் ஆண்டு அக்டோபர் 18-ந்தேதி நடந்த தேர்தலில் நாசர் தலைவராகவும், விஷால் பொதுச்செயலாளராகவும் வந்தார்கள். அந்த 3 வருஷம் 2018-ல் முடிந்தது. கட்டட வேலையைக் காரணம் காட்டி தேர்தல் 6 மாதம் தள்ளிப் போனது. பிறகு 2019-ம் ஆண்டு ஜூன் 23-ந்தேதி என்று தேதி குறித்தார்கள். நாசர் தலைமையில் ஒரு அணி, பாக்யராஜ் தலைமையில் ஒரு அணி.

ஓட்டுப்பதிவுக்கு 4 நாள் இருக்கும்போது பிரச்சினை வெடித்தது. வாக்காளர் பட்டியலில் தங்களைச் சரியாகச் சேர்க்கவில்லை என்று 61 பேர் புகார் கொடுத்தார்கள். தேர்தலை நிறுத்தி வைக்க மாவட்டப் பதிவாளர் உத்தரவு போட்டார். சங்கம் ஐகோர்ட்டுக்கு ஓடியது. 'ஓட்டுப்பதிவு நடத்துங்க, ஆனா எண்ணக்கூடாது' என்று ஐகோர்ட்டு சொன்னது.

ஓய்வு பெற்ற நீதிபதி முன்னிலையில் மயிலாப்பூர் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப்பதிவு நடந்தது. 'தர்பார்' படப்பிடிப்புக்காக மும்பையில் இருந்த ரஜினிகாந்துக்கு தபால் ஓட்டுச்சீட்டு முந்தைய நாள் மாலைதான் கைக்குப் போய்ச் சேர்ந்தது. இதனால் அவரால் ஓட்டுப் போட முடியவில்லை. சூப்பர் ஸ்டாருக்கே இந்த நிலை என்றால், துபாயில் இருக்கும் மனைக்காரருக்கு என்ன ஆகும்?

ஓட்டுப்பெட்டிகள் பேங்கில் பூட்டி வைக்கப்பட்டன. சங்கத்தைக் கவனிக்க அரசு தனி அதிகாரியை நியமித்தது. 2020-ம் ஆண்டு ஜனவரியில் தனி நீதிபதி, இந்தத் தேர்தல் செல்லாது, புதிதாக நடத்துங்கள் என்றார். அதை எதிர்த்து அப்பீல். 2022-ம் ஆண்டு பிப்ரவரியில் 2 நீதிபதிகள் கொண்ட பெஞ்ச், தேர்தல் செல்லும், ஓட்டை எண்ணுங்கள் என்றது. மார்ச் 20-ந்தேதி பெட்டியைத் திறந்து எண்ணினார்கள். நாசர் அணி ஜெயித்தது.

ஓட்டுப் போட்ட நாளில் இருந்து எண்ணிய நாள் வரை சுமார் 2 வருஷம் 9 மாதம். சட்டப்படி ஒரு குழுவின் முழுப் பதவிக்காலமே 3 வருஷம்தான். அவர்களுக்குப் பெரிய வக்கீல் வைக்க வசதி இருந்தது. மாதம் 200, 300 ரூபாய் சந்தா வசூலிக்கும் நகர் சங்கம் ஒரு வாய்தாவுக்கே தாங்காது.

லாஸ் வேகாஸ் மோசடி

இது நம்ம ஊர் கதை மட்டும் அல்ல. அமெரிக்காவில் வீட்டு உரிமையாளர் சங்கங்கள் ரொம்பப் பெரிய விஷயம். லாஸ் வேகாஸ் நகரில் 2003 முதல் 2009 வரை ஒரு கும்பல் அந்தச் சங்கத் தேர்தல்களையே தொழிலாக வைத்து விளையாடியது.

அவர்கள் செய்தது இதுதான். குடியிருப்புகளில் வீடு வாங்குவது போல பினாமி ஆட்களை நுழைத்தார்கள். உரிமையாளர் என்ற பெயரில் அவர்களைத் தேர்தலில் நிறுத்தினார்கள். வெளியூரில் இருக்கும் உரிமையாளர்களின் ஓட்டுச்சீட்டைப் போலியாகத் தயார் செய்து போட்டார்கள். சங்கம் கைக்கு வந்ததும், கட்டடக் குறைபாடு வழக்கையும் ரிப்பேர் வேலையையும் தங்கள் ஆட்களுக்கே கொடுத்தார்கள். 11 குடியிருப்புகள் இந்த வலையில் விழுந்தன.

கடைசியில் எப்.பி.ஐ. புகுந்தது. 40-க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் என்று முடிவானது. கும்பலின் தலைவனான கட்டட காண்டிராக்டருக்கு 2015-ம் ஆண்டு 15 வருஷத்துக்கு மேல் ஜெயில் தண்டனை கிடைத்தது. அங்கேயும் திருட்டு ஆரம்பித்த இடம் உறுப்பினர் பட்டியல்தான்.

கலிபோர்னியா மாநிலம் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. 2006-ம் ஆண்டு ஜூலை முதல் அங்கே சங்கத் தேர்தலுக்கு 2 கவர் முறை சட்டமானது. ஓட்டுச்சீட்டைப் பெயர் எழுதாத உள் கவரில் போட்டு ஒட்ட வேண்டும். அதை வெளிக் கவரில் வைத்து, அதன் மேல் பெயர், முகவரி, கையெழுத்து. வெளிக் கவரைப் பட்டியலோடு சரிபார்ப்பார்கள். சரியாக இருந்தால் உள் கவரை எடுப்பார்கள். யார் ஓட்டுப் போட்டார் என்பது தெரியும். யாருக்குப் போட்டார் என்பது தெரியாது. எண்ணுவது எல்லோர் கண் முன்னாலும் நடக்க வேண்டும். போட்டியிடாத தனி ஆள்தான் தேர்தல் அதிகாரி.

தபால் ஓட்டுக்குப் பைலாவில் இடம் உள்ள சங்கம் இதை அப்படியே இங்கேயும் செய்யலாம். செலவு 2 கவர்தான்.

தேர்தலை எப்படி நடத்தலாம்?

சிக்கல் இல்லாமல் தேர்தலை முடிக்க நினைக்கும் சங்கங்கள் இந்த வரிசையில் போனால் பாதி சண்டை குறையும்.

பதவிக்காலம் முடிய 3 மாதம் இருக்கும்போதே உறுப்பினர் பட்டியலை அச்சடித்து, கோவில், ரேஷன் கடை, சங்க போர்டு என்று எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்ட வேண்டும். மனை எண், பெயர், சந்தா நிலை எல்லாம் அதில் இருக்க வேண்டும். பெயர் சேர்க்க, நீக்க, ஆட்சேபம் சொல்ல 15 நாள் கொடுக்கலாம். அதன் பிறகு இறுதிப் பட்டியல். அந்தத் தேதிக்கு அப்புறம் ஒரு பெயரும் சேரக்கூடாது, ஒரு பெயரும் விழக்கூடாது.

தேர்தல் அதிகாரி என்று ஒருவரைப் பொதுக்குழு முடிவு செய்ய வேண்டும். அவர் போட்டியிடக் கூடாது. ஓய்வு பெற்ற ஆசிரியர், தபால்காரர், தொழிற்சாலை ஊழியர் என்று 2 தரப்பும் நம்பும் ஆள் ஒவ்வொரு நகரிலும் ஒருத்தராவது இருப்பார்.

கூட்ட நோட்டீசை எத்தனை நாள் முன்னால் கொடுக்க வேண்டும் என்று பைலாவில் இருக்கும். பல பைலாக்களில் 21 நாள். வாட்ஸ்அப்பில் போட்டால் போதும் என்று பைலா சொல்லாத வரை, எழுத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்குவதுதான் பாதுகாப்பு.

கை தூக்கும் முறையை விட ரகசிய ஓட்டு நல்லது. பக்கத்து வீட்டுக்காரருக்கு எதிராகக் கை தூக்க யாருக்கும் மனசு வராது. நாளைக்கும் அதே தெருவில் அவர் முகத்தில்தானே விழிக்க வேண்டும்? சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டால் அந்தச் சங்கடம் இல்லை. 'ஏகமனதாக' என்று மினிட் நோட்டில் எழுதுவது தப்பில்லை. ஆனால் 'வேற யாராவது நிக்கிறீங்களா?' என்று கேட்டு, யாரும் இல்லை என்ற பிறகுதான் எழுத வேண்டும்.

எண்ணி முடித்ததும் அங்கேயே மினிட் நோட்டில் எழுதி, வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கி விட வேண்டும். அன்றைக்கே பழைய நிர்வாகிகள் பாஸ்புக், செக் புக், ரசீது புத்தகம், பதிவேடு எல்லாவற்றையும் புதியவர்களிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதன் பிறகு படிவம் 7.

தப்பு நடந்தால் எங்கே போவது?

முதலில் சங்கத்துக்கே எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக் கொள்ள வேண்டும். வாய்ச்சண்டைக்கு சாட்சி கிடையாது.

சங்கத்தின் மொத்த உறுப்பினர்களில் 3-ல் 1 பங்குக்குக் குறையாமல் சேர்ந்து மனு கொடுத்தால், சங்கத்தின் நிர்வாகம், கணக்கு வழக்கு பற்றி மாவட்டப் பதிவாளர் விசாரணை நடத்தலாம். அவர் தானாகவும் விசாரிக்கலாம். கலெக்டர் கேட்டுக் கொண்டாலும் விசாரிக்கலாம். 90 உறுப்பினர் உள்ள நகரில் 30 கையெழுத்து. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வாங்கி விடலாம்.

ஆனால் 2 கோஷ்டியும் 'நாங்கதான் ஜெயிச்சோம்' என்று படிவம் கொண்டு வந்தால், யார் ஜெயித்தார் என்று தீர்ப்பு சொல்லும் இடம் பதிவாளர் ஆபீஸ் இல்லை. அது சிவில் கோர்ட்டு வேலை. போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடுவதிலும் பலன் இல்லை. பணத்தைச் சுருட்டியது, போலிக் கையெழுத்துப் போட்டது போன்ற குற்றம் இருந்தால்தான் போலீசுக்கு அங்கே வேலை.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு?

வெள்ளானூர், ஆவடி, அம்பத்தூர் பக்கம் கம்பெனி வேலைக்கு வந்து வாடகைக்கு இருப்பவர்கள் ஏராளம். தண்ணீர் வராவிட்டால் குடம் தூக்குவது இவர்கள்தான். ஆனால் வீட்டு உரிமையாளர் சங்கம் என்றால் இவர்களுக்கு அங்கே ஓட்டு இல்லை. 'குடியிருப்போர் நலச் சங்கம்' என்று பைலாவில் இருந்தால் மட்டும் வாடகைதாரரும் உறுப்பினர் ஆக வழி இருக்கும்.

பெண்கள் விஷயமும் இதே மாதிரிதான். தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்கு 50 சதவீத ஒதுக்கீடு உண்டு. சங்கத்தில் அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. பத்திரம் ஆண் பெயரில் இருப்பதால் பதிவேட்டிலும் ஆண் பெயர், மேடையிலும் ஆண்கள். பகல் முழுக்கத் தெருவில் இருந்து குப்பை வண்டியையும் தண்ணீர் லாரியையும் சமாளிக்கும் பெண்களுக்கு நாற்காலி இல்லை. கூட்டு உறுப்பினர் என்று ஒரு வரியைப் பைலாவில் சேர்த்தால் இது மாறும்.

சங்கத்தில் இடம் கிடைக்காதவர்களுக்கும் ஒரு மேடை இருக்கிறது. அதுதான் கிராம சபை. அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் கிராம சபை உறுப்பினர்கள். சொந்த வீடா, வாடகை வீடா என்று அங்கே யாரும் கேட்க முடியாது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு 6 நாள் கிராம சபை நடத்த வேண்டும் என்று தமிழக அரசு அறிவித்திருக்கிறது. ஊராட்சித் தலைவர் இல்லாத காலத்திலும் கிராம சபை இல்லாமல் போவதில்லை.

மாநகராட்சி, நகராட்சிப் பகுதி என்றால் பகுதி சபா. 2022-ம் ஆண்டு நவம்பர் 1-ந்தேதி பம்மலில் முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் கலந்து கொண்ட கூட்டத்தோடு அது தொடங்கியது. ஆவடி மாநகராட்சி எல்லைக்குள் இருப்பவர்கள் தங்கள் வார்டு கவுன்சிலரிடம் பகுதி சபா எப்போது என்று கேட்கலாம்.

இன்றைக்கே பார்க்கலாம்

சங்கத் தேர்தல் என்றாலே தலைவர் யார், செயலாளர் யார் என்றுதான் பேச்சு ஓடுகிறது. யார் வந்தாலும் 3 வருஷம்தான். ஆனால் பதிவேட்டில் பெயர் இல்லாதவருக்கு எத்தனை வருஷம் ஆனாலும் ஓட்டு இல்லை.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை செயலாளர் வீட்டுக்குப் போய் 3 கேள்வி கேட்டால் போதும். பதிவேட்டில் என் பெயர் இருக்கா? கடைசித் தேர்தல் எந்தத் தேதியில் நடந்தது? படிவம் 7 தாக்கல் ஆச்சா?

மூன்றுக்கும் உடனே பதில் வந்தால் நல்ல சங்கம். டீ கொடுத்து உட்கார வைத்து, "அதெல்லாம் எதுக்கு சார் இப்ப?" என்று இழுத்தால், 3-ல் 1 பங்கு கையெழுத்துக்கு நோட்டும் பேனாவும் எடுக்க வேண்டியதுதான்!